உப்பு எடுக்கிறன்

இரவு பதினொன்று நாற்பது.
போனில் நிலக்சனின் மூச்சு மட்டும்.
அதற்குப் பின்னால், ஒரு கதவுக்கு அப்பால்,
பிள்ளை வீரிட்டு அழுகிறது.

எங்கே நிற்கிறாய்?
படியில்.
எத்தனையாம் மாடி?
நாலு.
கோபிதா?
உள்ள. பிள்ளையோட. கதவைப் பூட்டிப்போட்டாள்.

பூட்டட்டும்.
இன்றைக்கு அது நல்ல பூட்டு.
நீ இறங்கு. படிகளை எண்ணு.
நான் போனை வைக்கமாட்டேன்.

ஒன்று, ரெண்டு என்கிறான்.
பள்ளிக்கூடத்தில் எழுப்பி நிறுத்தியவன்போலக் குரல்.

பீல் நகரத்து மாடிவீடுகளின் வாசலில்
சட்டம் ஒட்டியிருக்கும், ஜெர்மனிலும் பிரெஞ்சிலும்:
பத்து மணிக்குப் பின் குளிக்கக் கூடாது.
ஞாயிறில் உடுப்புத் தோய்க்கக் கூடாது.
சப்பாத்தைப் படியில் விடக் கூடாது.
சத்தமில்லாமல் செய்யக்கூடியவை பற்றி
இரண்டு மொழியிலும் ஒன்றுமில்லை.

இருபத்தாறு. இருபத்தேழு.
கை நீட்டினாயா?
(எண்ணுவது நின்றுபோகிறது)
நீட்டப் பார்த்தன் அண்ணா.

பிள்ளையைத் தூக்க நீட்டுவதும்
அதே கை, அதே சொல்.
இந்த மொழியில் வளர்ந்த எங்களுக்கு
முதல் குழப்பம் அங்கேதானோ என்று
சில நேரம் யோசிப்பேன்.
பிறகு, மொழிமேல் பழிபோடாதே என்று
என்னையே ஏசிக்கொள்வேன்.

வியாழக்கிழமைகளில்
சைக்கிள் திருத்தும் கடைக்கு மேலே ஒரு அறை.
ஆறு பேர், சிலவேளை நாலு.
கிரீஸ் வாசம், ஆறிப்போன தேத்தண்ணி.
"அடியாத மாடு படியாது" என்றான் ஒருநாள் சுகிர்தன்.
மலையில் பால்பண்ணையில் வேலை செய்யும் அருள்வேந்தன்
நிமிராமலே சொன்னான்:
அடிச்சா அது பால் தராது மச்சான்.
சிரித்தோம்.
"எங்களை அடிச்சுத்தானே வளர்த்தவை,
நல்லாத்தானே இருக்கிறம்" என்றான் இன்னொருவன்.
அதற்கு ஒருவரும் சிரிக்கவில்லை.
ஒருவரும் ஒருவரைப் பார்க்கவுமில்லை.

எனக்கு முப்பத்தொன்று, நிலக்சனுக்கு இருபத்தைந்து.
ஆஸ்பத்திரியில் விரிப்புத் தோய்க்கிறவன் நான்.
அவன் இருக்கும் அதே கதிரையில்
இரண்டு வருடம் முந்தி இருந்தேன்.
தகுதி அவ்வளவுதான்.

ஒரு காலை, குசினியில்,
மேல்தட்டில் இருந்த உப்பு டின்னை எடுக்கக் கையைத் தூக்கினேன்.
மேசையடியில் சாருகா, நாலு வயது,
சட்டென்று குனிந்து
இரண்டு கையாலும் தலையை மூடினாள்.
ஒரு கையில் கரண்டி இருந்தது.
தலைமயிரில் பால் வடிந்தது.

அவளை நான் அடித்ததேயில்லை.
அவள் அம்மாவைத்தான். இரண்டு தரம்.
முதல் வியாழன் "ஒருக்கா, லேசா" என்றேன்.
இரண்டு தரம் என்று சொல்ல
ஏழு வியாழன் பிடித்தது.

அன்றிலிருந்து
கையை உயர்த்துமுன் சொல்லிவிட்டு உயர்த்துகிறேன்.
உப்பு எடுக்கிறன்.
லைட் போடுறன்.
திரைச்சீலையை இழுக்கிறன்.
வேலையிடத்திலும் வாய்தவறிச் சொல்லி
போர்த்துக்கேயத் தோழர்கள் என்னைப் பார்த்திருக்கிறார்கள்.

அறுபத்தெட்டு. வெளியில வந்திட்டன்.
காற்று அவன் போனுக்குள் புகுந்து இரைகிறது.
பிள்ளை அழுகிறதா?
இங்க கேக்கேல்ல.
குசினி லைட் எரியுது. இப்ப நூந்திட்டுது.
போய்த் தட்டட்டா அண்ணா, மன்னிப்புக் கேக்க?

வேண்டாம்.
மன்னிப்பையும் சிலர் கதவு உடைக்கத்தான் கேட்பார்கள்.
நானும் கேட்டிருக்கிறேன்.
இன்றிரவு எங்கள் வீட்டில் படுக்கிறேன் என்று
ஒரு வரி எழுதி அனுப்பு.
எப்போது திறப்பது என்பது அவளின் பாடு.
கால்வாய்ப் பாலத்தடியில் நில்.
கடைசி பஸ் போய்விட்டது, நடந்து வருகிறேன்.

கொளுவியில் ஜாக்கெட்.
இருட்டு. பிள்ளை நித்திரை. பார்க்க ஒருவருமில்லை.
ஆனாலும் சொன்னேன்:
ஜாக்கெட் எடுக்கிறன்.

உள்ளறையிலிருந்து, விழித்துத்தான் கிடந்திருக்கிறாள்,
"ம்" என்றாள்.
அந்த ம்-முக்கு என்ன பொருளென்று
எனக்கு இன்னும் முழுசாய்த் தெரியாது.